இரைச்சல் இல்லாத வால்வு

பாலகோபால் தன் ரெக்கார்டு பிளேயருக்கு வாங்கிய, ஒலியைக் கூட்டித்தரும் வால்வு ப்ரீஆம்ப்பின் விலைக்கு ஒரு காரே வந்திருக்கும். அதிலும் லேசாக இரைச்சல் இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதிலிருந்த பழைய கண்ணாடிக் குழல் வால்வுகளைக் கழற்றிவிட்டு, சொல்லிவைத்து வரவழைத்த புதியவற்றை மாட்டினார். இசைத்தட்டில் முள்ளை வைக்காமல் வால்யூமை முழுசாகத் திருப்பி, எப்போதும்போல ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

இரைச்சல் துளியும் இல்லை. இத்தனை நாள் அது மூடிவைத்திருந்த இடத்திலிருந்து மகள் மேக்னாவின் குரல் வந்தது.

"அப்பா, நாந்தானுங்க. கதவத் தொறங்கப்பா. எத்தன நாளாக் கூப்புடறேன், கேக்கலீங்களா?"

திரும்பிப் பார்த்தார். மேக்னா சோபாவில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றிருந்தது.

"அம்மணி, உனக்குக் கேக்குதா?"

அவள் எழுந்து வந்து, மேஜைமேல் கிடந்த பழைய வால்வுகளைத் துப்பட்டாவில் துடைத்து நீட்டினாள்.

"இதையே போட்டுருங்கப்பா. இத்தன நாளு நல்லாத்தானுங்களே இருந்தோம்?"

பாலகோபாலின் விரல் தானாக ஸ்விட்சுக்குப் போனது.

"அணைச்சுப்போடாதீங்கப்பா," என்றது ஸ்பீக்கர்.

அவர் அணைத்துவிட்டுப் பழைய வால்வுகளை மாட்டி முடித்ததும் இரைச்சல் திரும்பி வந்தது. மேக்னா உட்கார்ந்து மிச்ச மொச்சையை உரிக்க ஆரம்பித்தாள்.