மூடியைத் திறந்தால் ஓடும்

ராஜவேலுவின் சட்டையில் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. சிவப்பிரகாசம் சந்தனம் மணக்கும் விரல்களால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

மெயின் ரோட்டுக்கும் அவருடைய பட்டுக்கடை வாசலுக்கும் நடுவில், வாடிக்கையாளர்களை ஏற்றிவர ராஜவேலு ஓட்டும் கோல்ஃப் வண்டி மறுபடியும் நின்றுபோயிருந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க வெம்பாக்கத்திலிருந்து வந்த பெண் வீட்டார் ஐந்து பேரும் வெயிலில் இறங்கி, எதிர்க்கடைக்கு நடையைக் கட்டிவிட்டார்கள்.

"போன வெள்ளிக்கிழமையும் இதே கூத்து, இந்த வெள்ளிக்கிழமையும் இதே கூத்து. டேங்க்ல பெட்ரோல் இருக்குதா, உறிஞ்சி வித்துட்டியா?"

"முக்கால் டேங்க் இருக்குதுங்க மொதலாளி. நின்னா மூடியத் தொறந்து பாக்கறேன். மூடிட்டு ஸ்டார்ட் பண்ணா ஓடுது. கொஞ்ச தூரம் போயி திரும்பியும் நின்னுடுது. தொறந்து தொறந்து பாத்துகினே இருக்கறதுல சட்டையெல்லாம் பெட்ரோலுங்க."

"திருடறவன் மூடியத் தொறக்காம எப்படிடா திருடுவான்?"

சத்தம் கேட்டுக் கடைப்பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். பாதி மடித்த புடவையோடு நின்ற பரிமளா, ராஜவேலுவின் மனைவி.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தால் இந்தக் கடையில் சிவப்பிரகாசத்தின் கைபடாத பொருள் கிடையாது. அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் திருடன்.

"சாவியக் குடு. நாளையிலருந்து நீயும் வராத, உன் பொண்டாட்டியும் வர வேணாம்."

ராஜவேலு சாவியை நீட்டினான். "என்னை இன்னா வேணா சொல்லுங்க. அவ இன்னாங்க பண்ணா?"

"திருட்டுச் சோறுதான அவளும் துன்றா?"

பரிமளா புடவையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வண்டியின் சீட்டைத் தூக்கிவிட்டு உள்ளே குடைந்துகொண்டிருந்தவர் மெக்கானிக் குப்புராஜ். களம்பூர் ரைஸ் மில்லில் இன்ஜின் பார்க்கிறவர். "பிளக்கு நல்லாக்கீது, கார்பரேட்டரும் சுத்தம். ஒரு நிமிஷம் சும்மா இருங்க மொதலாளி, பேஜார் பண்ணாதீங்க," என்று சாவியை வாங்கி இன்ஜினை ஓடவிட்டு, டேங்க் மேல் காதை வைத்தார்.

ஐந்து நிமிடத்தில் இன்ஜின் இருமி அடங்கியது. குப்புராஜ் மூடியை மெல்லத் திருகினார். 'புஸ்' என்று உள்ளே காற்று போயிற்று.

"மூடியில காத்து போறதுக்குப் பொடி ஓட்டை ஒண்ணு இருக்குங்க. அது அடைச்சிகினா பெட்ரோல் எறங்காது. தொறந்தா காத்து போவும், வண்டி ஓடும். இவுரு சொன்னது நெசந்தான். இங்க யாரோ அடைச்சிருக்காங்க."

"பாத்தியா! திருட்டு தெரியக்கூடாதுன்னு வண்டியையே கெடுத்து வெச்சிருக்கான். த்தூ!" சிவப்பிரகாசம் தரையில் காறித் துப்பினார்.

குப்புராஜ் பரிமளாவிடம் ஒரு சேஃப்டி பின் வாங்கி ஓட்டையைக் குத்தினார். கடுகளவு கட்டி ஒன்று பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"காஞ்சா தானா உதிர்ந்துடும். அதான் மத்த நாள்ல ஓடுது."

"இன்னாய்யா அது? எத வெச்சி அடைச்சான்?"

குப்புராஜ் அதை மோந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சந்தனங்க மொதலாளி. காலையில நீங்க வெச்ச பொட்டு."