பின்னட்டைக்கு நாலு வரி

'வாமதேவன். யாழ்ப்பாணம், அளவெட்டியில் பிறந்தவர். லண்டனில் வசிக்கிறார்.'

கைபேசியில் தட்டியதைத் திரும்பப் படித்துப் பார்த்தான். கடைசி வாக்கியம் மட்டும்தான் உண்மை.

தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்து ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் அவனுடைய சின்னக் கடை. ஞாயிறு மத்தியானம், வியாபாரம் மந்தம். பதிப்பகத்து யசோதினியின் குரல் செய்தியை மறுபடி போட்டுக் கேட்டான்.

“அண்ணை, பின்னட்டைக்கு உங்களைப் பற்றி நாலு வரி, வடிவான ஒரு படம். இண்டைக்கே அனுப்புங்கோ. புத்தகம் அச்சுக்குப் போகுது.”

ஒரு புத்தகம் முழுக்க எழுதியவனுக்கு நாலு வரி வரவில்லை.

கதைகள் எழுதும்போது கை தடங்கியதே இல்லை. எந்தக் கதையை எடுத்தாலும் எங்கோ ஓர் இடத்தில் பனி பெய்தது, ஒருவன் அதில் படுத்திருந்தான். நல்ல கற்பனை என்றாள் யசோதினி.

அந்தப் படுத்திருந்தவன்தான் நிஜ வாமதேவன்.

போலந்து எல்லைக் காட்டில் ஒரு விடியலில் நண்பன் எழும்பவில்லை. கூட்டிவந்த ஏஜென்ட் நண்பனின் சட்டைக்குள் இருந்த கடதாசிகளை எடுத்து இவனிடம் நீட்டினான். ஊரில் தடுப்பு முகாமில் இருந்ததற்குச் சாட்சியான கடதாசிகள்; அகதி விசாவுக்கு அவை போதும். இவனிடம் காட்ட ஒன்றும் இல்லை. பெற்றவள் இடம்பெயர்ந்த வழியிலேயே செத்துப்போனாள். பெயரைத் தொலைத்தாலும் தேடி வர ஊரில் ஆள் கிடையாது.

வாங்கிக்கொண்டான்.

விசா, பாஸ்போர்ட், கடை எல்லாம் அந்தப் பெயரில்தான். தாயின் பெயர் கேட்ட இடத்திலெல்லாம் கமலேஸ்வரி என்று நண்பனின் தாயையே எழுதினான். யாராவது “வாமன்” என்று கூப்பிட்டால் இன்றைக்கும் ஒரு கணம் பொறுத்துத்தான் திரும்புவான். மற்றவன் முதலில் திரும்பட்டும் என்று.

இவனுக்கு விசா கிடைத்த செய்தி எப்படியோ அளவெட்டிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருநாள் போன் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றுதான் எடுத்தான். அங்கே அந்தத் தாய் அழுத அழுகைக்கு இவன் வாயில் “அம்மா” என்றுதான் வந்தது. குரல் மாறிவிட்டதே என்று கேட்டார். குளிர் என்று சொன்னான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கேள்வி வந்துகொண்டிருக்கிறது.

மகனின் படம் ஒன்று அனுப்பு என்று எந்தத் தாய்தான் கேட்கமாட்டாள்? கமலேஸ்வரி கேட்டதில்லை. வீடியோவில் வா என்றும் சொன்னதில்லை. கண்ணில் புரை விழுந்தபோது, ஒப்பரேஷன் செய்தால் நன்றாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னாராம். இனிப் பார்த்து என்ன செய்ய என்று மறுத்துவிட்டார். அந்த ஞாயிறு இவனுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதற்காக இரவெல்லாம் அழுதான்.

இப்போது படம் கேட்கிறார்கள். நண்பன் நல்ல வெள்ளை, கூர்மூக்கு. இவனோ கறுவல். புத்தகம் அளவெட்டிக்கும் போகும். கமலேஸ்வரிக்குக் கண் மங்கல்தான், பேத்தி லக்‌ஷிகாவுக்கு மங்கல் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் மாமாவையும் பின்னட்டையில் இருக்கும் மாமாவையும் அவள் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தால் போதும். பனிக்குள் செத்தவன் அந்த வீட்டுக்குள் இரண்டாம் முறை செத்துப்போவான். அதைத் தாயும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

படம் இல்லை என்று யசோதினிக்கு எழுதப் போனபோது போன் அடித்தது. அளவெட்டி.

“புத்தகம் எழுதியிருக்கிறியாமே, மோனை?”

“ஓம், அம்மா.”

லக்‌ஷிகாதான் எங்கேயோ விளம்பரத்தைப் பார்த்து வாசித்துக் காட்டியிருக்கிறாள். கதையொன்றும் அதோடு வந்திருந்ததாம். பனிக்குள் ஒருவன் படுத்திருக்கும் கதை. கமலேஸ்வரி அதை மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாராம்.

இவன் பொருட்கள் அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டான்.

“கதையில கூட இருந்த பெடியன் தன்ர ஜக்கெட்டைக் கழட்டி அவனுக்குப் போர்த்தினவனாம். உண்மையே?”

“ஓம்.”

வெளியே ட்ராம் ஒன்று வந்து நின்று, போனது.

“வாற கிழமை கண் ஒப்பரேஷனுக்குப் போறன். புத்தகத்தில உன்ர படத்தைப் போடு, ராசா. உன்ர முகத்தையும் நான் ஒருக்காப் பார்க்க வேணும்.”

அவன் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்.

“உன்னையும் ஒரு தாய் பெத்தவதானே. அவவின்ர பேரையும் எழுது.”

பிறகு வழக்கம்போல, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

போனை வைத்தான். தட்டியிருந்த மூன்று வாக்கியங்களையும் அழித்தான். 'தவநாயகியின் மகன்' என்று தொடங்கினான். இடம்பெயர்ந்த வழியில் செத்துப்போன தன் தாயின் பெயரை லண்டனில் முதல்தடவையாக எழுதினான்.

கடை வாசலில் யாரோ “வாமன் அண்ணை” என்று கூப்பிட்டார்கள்.

அவன் ஒரு கணம் பொறுத்தான். அதற்குப் பிறகும் பொறுத்துக்கொண்டே இருந்தான்.