பிள்ளைக்காசு

கிளாக்கர் ஐயா பேர் கூப்பிடாமலே கவரை நீட்டினார்.

சந்திரகாந்தா கை நீட்டவில்லை. தூறல் படாமல் பிள்ளையைத் துவாயால் தலையோடு மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்குற? ஒன் புள்ளக்காசுதான். மிச்சம் மொத்தமும் உள்ள இருக்கு. இன்னையோட முடிஞ்சிருச்சு."

"மொத்தமா வேணாங்க ஐயா. போன மாசம் மாதிரி கொஞ்சம் குடுங்க. மிச்சத்த அடுத்த சம்பளத்துக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"ஒன் காசுக்கு நான் காவல் இருக்கணுமா?"

வரிசை சிரித்தது.

அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெண்சாதியின் சம்பளத்தையும் புருஷன்தான் போய் வாங்குவான். அதனால் சம்பள மேசையைச் சுற்றி எப்போதும் ஆம்பிளைகள்தான். அன்றைக்குப் பெண் என்று நின்றது நாங்கள் இரண்டு பேர்.

என் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் புருஷன் போய்ச் சேர்ந்தானா, இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது.

தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கினால் கூடக் கிடைக்கும் என்று லொறியில் ஏறிப் போனவன். பெண்சாதிக்கு வயிறு தெரிய ஆரம்பித்த நேரம். வழியில் ஆமிக்காரர்கள் மறித்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று இறக்கினார்களாம். லொறி திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

பிள்ளை பெற்று லீவில் இருப்பவளுக்குத் தோட்டம் கொடுக்கும் அந்தக் காசுதான் அரிசி, மாவு, மண்ணெண்ணெய், மாமியாருடைய இழுப்பு மருந்து எல்லாம். அதை அவள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினாள். இருட்டு விழுந்ததும் விளக்கை அணைத்துவிடுவாள். பால் சுரக்க வேண்டிய உடம்பு, பாதி ரொட்டியோடு எழுந்துவிடும்.

"கெட்டிக்காரி," என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டோம். மொத்தமாகக் கைக்கு வந்தால் கடைக்கார முத்தலிப் நானா பழைய கடனுக்குப் பாதியைப் பிடித்துக்கொள்வார். மீதியை மாமியார் விடமாட்டாள்.

"ஒரு பசு மாடு வாங்கிப் போட்டா, அவன் வர்ற வரைக்கும் ஒருத்தன்கிட்டயும் கையேந்த வேணாம்டி." இடையில் ஒரு சுவர்தான், மாமியார் சொல்வது தினமும் என் காம்பராவில் கேட்கும். கீழ் ரோட்டில் லொறி ஏதாவது மேடேறினால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். லொறி கடந்து போன பிறகுதான் மறுபடியும் பசு மாடு வரும்.



"காசு வேணாம்னா என்கிட்ட தள்ளி விடுங்க ஐயா," என்றான் வரிசையில் பின்னாலிருந்து கணபதி. "நான் பத்திரமா குடிச்சுப்புடுறேன்."

மறுபடியும் சிரிப்பு. கிளாக்கர் ஐயா கவரை மேசை ஓரத்தில் வைத்தார்.

"இங்க பாரு, ஒரே தடவையில குடுத்து முடிக்கச் சொல்லிட்டாரு பெரிய தொரை. இனி நீ வேலைக்குத் திரும்புற வரைக்கும் இந்த மேசைப் பக்கம் வர வேண்டியதே இல்ல. சந்தோசமா போ."

சந்தோஷமாகப் போகச் சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. கவரைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"அப்ப முறையா கூப்பிட்டுக் குடுங்க ஐயா."

"அடியே, எதுக்க நிக்கிறவள எதுக்குடி கூப்பிடணும்?"

"எல்லாரையும் கூப்பிட்டுத்தானே குடுக்குறீங்க."

"மகாராணிக்குத் தப்பு அடிக்கணுமாம்," என்றான் கணபதி.

"வாங்கிட்டு வாம்மா, புள்ள நனையுது," என்று நானும் முதுகில் தட்டினேன். அவள் அசையவில்லை. தூறல் மழையாகிக்கொண்டிருந்தது. வரிசை முணுமுணுத்தது.

கிளாக்கர் ஐயா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசி லயம் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"முத்துவீரன் பொஞ்சாதி சந்திரகாந்தா!"

அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் துவாயை விலக்கியிருந்தாள். தலையை மூடியபடியே, பிள்ளையின் ஒரு காதை மட்டும்.

"இருக்கேன் ஐயா."

கவரை எடுத்து எண்ணாமலே இடுப்பில் செருகினாள். காதை மூடினாள். போய்விட்டாள்.

என் காசை வாங்கிக்கொண்டு நானும் வேகமாக நடந்தேன். மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்குக் கீழே, மழைக்கு ஒதுங்காமல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள்.

கட்டியவன் பேரை எங்களில் எவளும் வாயால் சொல்லமாட்டாள். அவளும் சொன்னதில்லை. மாமியாருக்கு அவன் வெறும் 'அவன்'. லயத்திலோ, அவள் மனசு நோகுமே என்று நாங்கள் அந்தப் பேச்சையே விட்டிருந்தோம். மாதத்தில் ஒரு நாள், அந்த மேசையில்தான் அந்தப் பேர் மிச்சமிருந்தது. அதற்குத்தான் பாதி ரொட்டியோடு எழுந்திருக்கிறாள்.

கிட்டே போய்ப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டேன்.

"யாரு இது? முத்துவீரன் மகளா? மழையில எங்கடி பொறப்பட்ட?"

சந்திரகாந்தா நின்றுவிட்டாள். ஈரத் துவாயை மறுபடியும் காதிலிருந்து விலக்கினாள்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, பெரியம்மா."