மாடியறைக்குப் போகும் காற்று

மழை விட்டுச் சற்று நேரந்தான் ஆகியிருந்தது. ஏசி மெக்கானிக்கின் ஏணியை வாசலிலிருந்து மகனே தூக்கி வந்தான்.

"மேல அம்மா படுத்திருக்காங்க. ஏசி போட்டா குழாய்க்குள்ள டக்டக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. பாவம், அவங்களால கண்ணசர முடியல."

படிக்கட்டுக்குக் கீழே ஒட்டிக் கிடந்த இரண்டு நாற்காலிகளை நகர்த்தி மெக்கானிக் ஏணியைச் சாத்தினார். அங்கிருந்து மாடியறைக்குப் போகும் காற்றுக் குழாயின் சல்லடை மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டார். காற்றைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கிற டேம்பர் தகடு, திருகு தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மாடியில் அம்மா இருமியது காதருகே இருமியதுபோல் கேட்டது.

தகட்டை முழுக்கத் திறந்துவைத்து முடுக்கச் சொன்னான் மகன். அம்மாவுக்குக் காற்று குறையக் கூடாதாம். அப்படியே செய்தார். இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று மருமகளிடம் சொன்னார். அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

காற்று சரியாக வருகிறதா என்று பார்க்க மாடிக்குப் போனார். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இனிமேல் சத்தம் வராது, நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்.

"சத்தமா? நான் ஒண்ணும் சொல்லலையே தம்பி."

கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குழாயை ஒரேயடியாக அடைத்துவிட முடியுமா என்று கேட்டாள். குளிருகிறதா என்றார்.

"குளிரெல்லாம் இல்ல. கீழ ரெண்டு பேரும் பேசுறது அது வழியா வருது. நானா ஏதாவது முதியோர் இல்லத்துக்குப் போறேன்னு சொல்லிட்டாத் தேவலையாம். எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா எம்புள்ள கூனிக்குறுகிப் போயிருவான். நீ சொல்லிடாத."

மெக்கானிக் இறங்கிவந்தார். தகட்டை மூடி முடுக்கி, விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார். மாடியில் அம்மா இருமியிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை.

தகடு பழசு, திறந்துவைத்தால் மறுபடி ஆடும், அதனால் மூடிவிட்டேன் என்று மகனிடம் சொன்னார்.

"இனி சின்னச் சத்தம்கூட மேல போகாது சார்."

மகன் மனைவியைப் பார்த்தான். மடக்கிய ஏணியை அவனே வாங்கி மறுபடி விரித்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"பெத்தவகிட்ட நேரா எப்படிங்க சொல்றது? அந்த டக்டக்ல நாங்க பேசுறது அவங்களுக்குச் சரியாக் கேக்கலன்னுதானே உங்களக் கூப்பிட்டதே?"