ஆறாவது ஹாரன்

ஹாரனை அலறவிட்டபடியே பிரேக்கின் மேல் ஏறி நின்றார் டிரைவர். லாரி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நல்லவேளை, குழந்தை மேல் படவில்லை.

"என்னண்ணே, எதுக்கு நிறுத்திட்டீங்க?" என்று இருட்டுக்குள்ளிருந்து பை தைக்கிறவர் குரல் கொடுத்தார்.

டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

சங்கதி இதுதான். பள்ளிக்கூடப் பைக்கு ஒரு புதுத் துணி வந்திருக்கிறது. வண்டி வெளிச்சம் பட்டால் தூரத்திலேயே பளிச்சென்று மின்னும். ஜன்னலையெல்லாம் கறுப்புப் படுதாவால் மூடிய நீளமான கிடங்கில், பை தைக்கிறவர் அந்தத் துணியில் தைத்த பைகளை மாட்டிய ஐந்து பொம்மைகளைக் குழந்தை உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். கண்ணில் பட்டதும் ஹாரன் அடிக்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் அடிக்கிறார் என்று, துணியை உருவாக்கிய மேடம் குறித்துக்கொள்வார்.

காலையிலேயே டிரைவர் மழுப்பித்தான் பார்த்தார். "எல்லாரும் போயிட்டு வந்தாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி. பட்டப்பகல்ல அங்க என்ன பேயா இருக்கு?" என்று முதலாளி விரட்டிவிட்டார்.

லாரி ஷெட்டில் அவருக்குப் 'பகல் டிரைவர்' என்றே பெயர். பொழுது சாய்ந்தால் சாவியைத் தொடமாட்டார். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

டிரைவர் வண்டியில் ஏறும்போது பை தைக்கிறவர் அலுத்துக்கொண்டார். "அஞ்சு டிரைவர் ஓட்டிப் பார்த்தாலே போதும்ணே. நீங்க நூத்திப் பதினாலாவது ஆளு! துணி எப்பவோ பாஸ். மேடத்துக்குத்தான் திருப்தியே வரமாட்டேங்குது."

ஐந்து பொம்மைக்கும் ஐந்து ஹாரன், ஒன்றும் தவறவில்லை. கிடங்கின் கோடியில் வண்டியைத் திருப்பும்போதுதான் எதிரே அந்தக் குழந்தை நின்றது. முதுகில் பை இல்லை, மினுக்கம் இல்லை.

மேடம் நோட்டோடு வந்து நின்றார். "அங்க நான் பொம்மையே வைக்கலையே. என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணுமில்லைங்க... கண்ணு ஏதோ..."

"எதுவா இருந்தாலும் சொல்லுங்க. எழுதணும்."

"ஒரு பாப்பா."

"கையில எதாவது வச்சிருந்துச்சா?"

"செருப்பு. வார் அறுந்துபோச்சு போல, கையில தூக்கிக்கிட்டு..." சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கட்டின பெண்டாட்டியிடம்கூட ஆறு வருஷமாக இதைப் பற்றி வாய் திறக்காதவர். அன்று ராத்திரி அந்த ரோட்டு வளைவில் விளக்கு இல்லை. லாரி அடித்த பிறகுதான் குழந்தை என்று தெரிந்தது. இறங்கி ஓடி, வாரி மடியில் போட்டுக்கொண்டார். குழந்தையின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அப்போது பார்த்து எதிரே வந்த ஒரு வண்டியின் வெளிச்சம் இருவர் மேலும் விழுந்தது. குழந்தையை அப்படியே ரோட்டில் கிடத்திவிட்டு ஓடிவந்துவிட்டார், பாவி. யாரும் பிடிக்கவில்லை. ஆனால் இருட்டினால் போதும், அது வந்து நின்றுவிடுகிறது.

இப்போது வாயை விட்டால் ஜெயில்தான். வீட்டில் பத்தாவது படிக்கிற மகள் இருக்கிறாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"வயசாச்சும்மா, கண்ணு மங்கிப்போச்சு. நான் கிளம்புறேன்." இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேடம் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடினார். பை தைக்கிறவரை டீ வாங்கிவரச் சொல்லி வெளியே அனுப்பினார். பிறகு டிரைவரின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா?"