மிஞ்சிய ஸ்க்ரூ

மேசைமேல் விரித்த செய்தித்தாளில் மிக்ஸி பிரித்துப்போட்டபடியே கிடந்தது. அதன் இரைச்சல் மனைவிக்குத் தலைவலி தருகிறதே என்றுதான் இன்ஜினியர் கலியபெருமாள் அதைப் பிரித்தார். திரும்ப மாட்டுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். எதைப் பிரித்து மாட்டினாலும் அவரிடம் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். சாப்பிடும்போது அதைத் தூக்கிக்காட்டி, "இது இல்லாமலே ஓடுதே, அப்போ இது எதுக்கு?" என்று எல்லாரையும் கேட்பார்.

காரியம் முடிந்த மறுநாள் மகன் சேரன் எல்லாவற்றையும் ஒரு பையில் வாரப் போனான்.

"புதுசா வாங்கிக்கலாம்மா."

"கையை எடுடா," என்றாள் செண்பகவல்லி. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தப்பாக மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் மிக்ஸி அதே இரைச்சலோடு ஓடியது.

"பரவாயில்லையேம்மா!" என்றான் சேரன்.

அவள் செய்தித்தாளைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை. முகம் சுருங்கியது. பிளக்கைப் பிடுங்கி, மிக்ஸியைக் கவிழ்த்து, அடியிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினாள். மறுபடி சுவிட்சைப் போட்டாள். ஓடியது.

ஸ்க்ரூவை மகன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அப்போ இது எதுக்குடா? சொல்லு."