மூணே மூணு தப்பு

"மேடம், என் பொண்ணுக்கு மூளையில ஏதாவது கோளாறு இருக்குமோ?"

ஹெட்போனில் ஒரு அம்மா அழுதாள்.

குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் ஒரு ஆப்பின் உதவி மையத்தில் எனக்கு வேலை. சத்தம் வரவில்லை, பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். மூளைக் கோளாறுக்கு என்ன பதில் சொல்வது என்று கம்பெனி கொடுத்த தாளில் இல்லை.

"அழாதீங்கம்மா. பாப்பாவுக்கு என்ன வயசு?"

"ஆறு. ஸ்கூலுக்கு அனுப்பல. வீட்டுல நானேதான் சொல்லிக்கொடுக்கறேன்."

நானேதான்! கணக்குக்கு ஒரு விளையாட்டு, எழுத்துக்கு ஒரு விளையாட்டு, வாசிக்க எங்கள் ஆப்பில் வரும் கிளி. சொல்லிக்கொடுப்பதெல்லாம் டேப்லெட். பேர் மட்டும் அம்மாவுக்கு. எனக்கா தெரியாது? என் வீட்டிலும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் என் பொண்ணு சிட்டு வேற ரகம். அவளுக்கும் ஆறு வயசுதான். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பேசும்போது பிள்ளைச் சத்தம் கேட்டால் சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதனால் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்வேன். அவள் ஹாலில் தானாகவே படிப்பாள். ஆப்பில் படிக்க ஆரம்பித்த முதல் வாரம் மட்டும் ஒரு நாலு நாள் வந்து கதவைத் தட்டினாள். "அம்மா வேலையா இருக்கேன்டா" என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டேன். அப்புறம் தட்டியதே இல்லை. அவ்வளவு சமர்த்து.

"ஏழாவது பாடத்துலயே ஒன்றரை மாசமா நிக்கறா மேடம். 'நீ சொல்லிக்கொடுத்து கிழிச்சது போதும், திங்கக்கிழமை ஸ்கூல்ல சேர்த்துடறேன்'னு அவங்கப்பா சொல்லிட்டார். டாக்டர்கிட்ட காட்டுன்னு நாத்தனார் சொல்றா. நான் என்னதான் பண்றது?"

அழுகைக்கு நடுவில் தடதடவென்று ஒரு சத்தம்.

"அது என்ன சத்தம்மா?"

"தையல் மெஷின் மேடம். ஒரு ஓட்டலுக்கு கர்ட்டன் தைக்கறேன். சாயங்காலம் குடுத்தாகணும்."

பெற்ற பிள்ளைக்காக அழும்போதாவது மெஷினை நிறுத்தக்கூடாதா? இப்படியும் ஒரு அம்மா! வாய் வரைக்கும் வந்தது. தாளில் இல்லை என்பதால் சொல்லவில்லை.

போன் நம்பரைக் கேட்டு, பாப்பாவின் பதிவைத் திறந்தேன்.

திங்கள், மூணு தப்பு. செவ்வாய், மூணு தப்பு. புதன், மூணு தப்பு. நாற்பத்திரண்டு நாளும் அதேதான். ரெண்டும் இல்லை, நாலும் இல்லை.

தெரியாத பிள்ளை ஒரு நாள் எட்டு தப்பு பண்ணும், ஒரு நாள் ஒண்ணு பண்ணும். இப்படி அளந்து வைத்த மாதிரி பண்ணாது. அதிலும் 'தொட்டில்' சரி, 'கண்ணாடி' சரி. 'பல்' தப்பு, 'கல்' தப்பு, 'கால்' தப்பு!

"மூணு தப்பு ஆச்சுன்னா என்ன ஆகும்மா?"

"கிளி வரும். 'அம்மாவைக் கூப்பிடு, பக்கத்துல உக்காந்து சேர்ந்து படிங்க'ன்னு சொல்லும். பத்து நிமிஷத்துக்குப் பாடம் பூட்டிக்கும். மறுநாளும் அதே பாடம்தான் வரும்."

"கிளி சொன்னதும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? போட்டது போட்டபடி போய் உக்காருவேன். மடியில ஏறிக்குவா. புஸ்தகத்தை எடுத்து சேர்ந்து படிப்போம்."

"அப்போ எப்படிப் படிக்கறா?"

"கடகடன்னு படிக்கறா மேடம்! அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். மறுநாள் நான் மெஷின்ல போய் உக்காந்ததும் மறுபடியும் மூணு..."

பேச்சு நின்றது. மெஷினும் நின்றது.

"அடிக் கள்ளி!" என்றாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"பாப்பாவுக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. கிளி கூப்பிடறதுக்கு முன்னாடி நீங்களே போய் உக்காருங்க. பாடம் தானா நகரும்."

"இப்பவே போறேன் மேடம். கர்ட்டன் கிடக்கட்டும். ஓட்டல்காரர் கத்தினா கத்திட்டுப் போறார்." மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா மேடம்?"

"ஒரே பொண்ணு. அவளும் இந்த ஆப்தான். முப்பத்தொண்ணாவது பாடத்துல இருக்கா. ஒரு தப்பு பண்ண மாட்டா. என்னைக் கூப்பிடவும் மாட்டா."

"குடுத்து வெச்சவங்க மேடம் நீங்க" என்று போனை வைத்தாள்.

அடுத்த அழைப்பு இன்னும் வரவில்லை. சும்மா பெருமையாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று சிட்டுவின் பதிவைத் திறந்தேன். தப்பு இல்லை, தப்பு இல்லை, தப்பு இல்லை. வாரக்கணக்கில் அப்படியே போனது. கீழே, கடைசியில், முதல் வாரம் வந்தது.

திங்கள், மூணு தப்பு. செவ்வாய், மூணு. புதன், மூணு. வியாழன், மூணு.

அவள் கதவைத் தட்டிய அதே நாலு நாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு தப்பும் இல்லை.

அடுத்த அழைப்பு மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம், ஹாலில் கிளி சொல்லிக்கொண்டிருந்தது:

"சபாஷ்! இன்னிக்கும் ஒரு தப்புகூட இல்லை. நீ அம்மாவைக் கூப்பிடவே வேணாம்!"